பாப்பா தண்ணி

அண்ணாச்சி, தப்பா நெனைக்காட்டா அந்த ஜன்னல் பக்கத்தை எனக்குத் தாரியளா? காத்துக்காகக் கேக்கல. ரோட்டைப் பாத்துக்கிட்டே போகணும். எங்க அம்மா எங்கயாவது நிக்காளான்னு பாக்கணும்.

ரொம்ப உபகாரம். பையைக் கீழயே வையுங்க, நான் காலை ஒதுக்கிக்கிடுதேன்.

பதறாதிய. காணாமப் போயிட்டான்னும் சொல்ல முடியாது. காலையில தோசை சுட்டு வச்சிட்டு, துணி நனைச்சுக் காயப்போட்டுட்டுத்தான் கெளம்பியிருக்கா. புத்தியெல்லாம் தெளிவு. எந்த வீட்டுல எந்த மருமக, எந்தச் செக்குல எண்ணெய் நல்லாருக்கும், எல்லாம் சொல்லுவா. இந்த ஒரு காரியத்துலதான் இப்படி. பஸ் ஏறிப் போயிருதா. நான் கார் வச்சிருக்கேன். கார்ல தேடினா ஆப்பிடமாட்டா. அவ பஸ்ஸுல போறா, அதனால நானும் பஸ்ஸுல போறேன். தென்காசி ஸ்டாண்டுல வெத்தலக் கடைக்காரரு திருநவேலி வண்டியில ஏறினான்னு சொன்னாரு. வழியில எங்க எறங்கினாளோ.

எம் பேரு சைலப்பன். ஆவுடை சுனைநீர்னு கேள்விப்பட்டிருக்கியளா? இல்லையா? பாப்பா தண்ணின்னா? ஆங், அதேதான். வட்ட மொகம், ரெட்டைச் சடை, பெரிய பொட்டு. அது நம்ம கம்பெனிதான். அந்தப் பாப்பா என் தங்கச்சி.

இல்ல, வேண்டாம் அண்ணாச்சி, நீங்க குடிங்க. எனக்குத் தண்ணி தொண்டைக்கு ஒத்துக்கிடுறதில்ல. டீ, மோரு, எளநின்னு ஓட்டிக்கிடுதேன். பழகிப்போச்சு.

எல்லாரும் கேப்பாவ, இந்தத் தொழிலை எப்படி ஆரம்பிச்சியன்னு. வியாபாரிகள் சங்கத்துல மேடையேத்திச் சால்வை போட்டுக் கேட்டாவ. மேடைக்குன்னு ஒரு பேச்சு வச்சிருக்கேன். அதுல என் தங்கச்சி சாகுற எடத்துல எல்லாரும் கை தட்டுவாவ. உங்கட்ட அதைச் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன். நான் பாட்டுக்கு வெளியப் பாத்துக்கிட்டே பேசுவேன், மரியாதை இல்லாதவன்னு நெனைச்சிராதிய.

எங்க ஊரு மலையடிவாரம். அப்பா வழியில வந்த எலுமிச்சந்தோப்பு ஒண்ணு. தோப்புக்குள்ள மேக்கோரமா பெரிய பாறை. அந்தப் பாறைக்கு அடியில, ரெண்டு கையையும் குவிச்சு வச்ச மாதிரி ஒரு பள்ளம், அதுல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். சித்திரையில ஊர்க் கெணறெல்லாம் வாயைப் பொளந்து கெடக்கும், இது மட்டும் ஊறும். நாங்க அதைப் பெருசா நெனைச்சதில்ல. கால் கழுவுவோம், மாட்டுக்குக் காட்டுவோம். பிள்ளைங்க கமுந்து படுத்து வாய வச்சு உறிஞ்சும். ஆவுடை அப்படித்தான் குடிப்பா. பாவாடையெல்லாம் நனைச்சுக்கிட்டு வந்து அம்மாட்ட அடி வாங்குவா.

படிப்புல அவ கெட்டி. நான் அப்படி இல்ல. அதனால அவளை மட்டும் டவுன்ல அத்தை வீட்டுல விட்டுப் படிக்க வச்சாரு அப்பா. எந்த டவுனுன்னு சொல்லல, அந்த ஊருல நமக்கு இப்பவும் கடைங்க உண்டு. அந்த வருசம் மழைக்குப் பொறவு தெருக் குழாய்ல சாக்கடை கலந்துபோச்சு. வீட்டுக்கு வீடு மஞ்சக்காமாலை. ஆவுடை பள்ளிக்கூடம் போகணும்னு ஒடம்புக்கு முடியாததைச் சொல்லாம இருந்திருக்கா. அத்தை கண்ணைப் பாத்துட்டுக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாவ. கேக்கல. பிள்ளை பினாத்த ஆரம்பிச்சிட்டா. அப்பத்தான் எங்களுக்கு ஆள் விட்டாவ.

ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தா மஞ்சளைக் கரைச்சு ஊத்தின மாதிரி கெடக்கா. பானைத் தண்ணியை உதட்டுல வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. “பாறைத் தண்ணி, பாறைத் தண்ணி”ங்கா. வேற பேச்சே இல்ல. அப்பா சைக்கிளை எடுத்தாரு, தூக்குவாளியை மாட்டினாரு, போயிட்டாரு. போக எவ்வளவு தூரம், வர எவ்வளவு தூரம். அம்மா பிள்ளை காதுல சொல்லிக்கிட்டே இருந்தா, “இந்தா வந்துட்டாரு, இப்ப பாலத்துக்கிட்ட வந்துட்டாரு, இப்ப மில்லுக்கிட்ட வந்துட்டாரு”ன்னு.

அவரு உள்ள வரும்போது வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு, வழியெல்லாம் தளும்பி. இங்க துணியை மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டாச்சு.

வாளியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. கீழ வைக்கவும் தெரியல, என்ன செய்யன்னும் தெரியல. பக்கத்துக் கட்டில்ல அதே தெருப் பிள்ளை ஒண்ணு, செய்யதம்மாள்னு பேரு, அதுவும் மஞ்சளாத்தான் கெடந்துச்சு. அதோட அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு மெதுவாக் கேட்டாவ, “அண்ணே, கேக்கக் கூடாது, அந்தத் தண்ணியில ஒரு வாய் எம் பிள்ளைக்குத் தாரியளா? அதுவும் எந்தத் தண்ணியையும் எறக்க மாட்டேங்கு.”

அப்பா அசையல. எங்கம்மாதான் எந்திரிச்சா. அழுகை இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு கையில இருந்து வாளியை வாங்கி, அந்தப் பிள்ளை தலையைத் தூக்கி மடியில வச்சு, டம்ளர் டம்ளரா ஊத்திக் குடுத்தா. அந்தப் பிள்ளை மடக்கு மடக்குன்னு குடிச்சுது. அந்தச் சத்தம் இருக்கே அண்ணாச்சி. வார்டே கேட்டுக்கிட்டிருந்துச்சு.

அந்தப் பிள்ளை பொழைச்சுக்கிடுச்சு. டாக்டரு மருந்துலதான்னாரு. நம்ம கம்பெனி நோட்டீசுல தண்ணியாலன்னு போட்டிருக்கேன். வியாபாரம்னா அப்படித்தானே.

ஆவுடையை எங்க தோப்புலயே, பாறைக்கு மேல்பக்கம் இலுப்பை மரத்தடியில பொதைச்சோம். மறுநாள் சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருக்கும்போது அப்பா வாளியை எடுத்துக்கிட்டு சைக்கிள்ல ஏறிட்டாரு. எங்க போறியன்னு கேட்டதுக்கு, “அந்தப் பிள்ளை இன்னைக்கும் கேக்கும்லா”ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். இதுதான் எங்க கம்பெனி.

பொறவு அந்த வார்டுக்கு, பொறவு அந்தத் தெருவுக்கு, பொறவு எங்க காய்ச்சல்னு கேள்விப்பட்டாலும் அங்க. சைக்கிள் போய் மாட்டு வண்டி வந்துச்சு. விக்கேன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாரு, “ஊத்திக் குடுத்துட்டு வாரேன்”ம்பாரு. சனங்களாப் பாத்துச் சட்டைப்பையில எதையாவது திணிச்சு விடும். வீடு அதுலதான் ஓடுச்சு, எலுமிச்சையை அவரு கவனிக்கவே இல்ல. கடைசியில வண்டியை ஓட்டிக்கிட்டு வரும்போதே சாஞ்சிட்டாரு. மாடுங்க பழகின தடம்னு தானா வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துச்சு.

...ஒரு நிமிசம். அந்தப் புளியமரத்தடியில... இல்ல. அது வேற யாரோ. ஆடு மேய்க்கிற பொம்பளை.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளையைக் கன்னின்னு கும்பிடுவோம். ஓலைப்பெட்டியில புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு, சாந்துப்பொட்டு எல்லாம் வச்சு மூடி, வீட்டு மூலையில உயர வைப்போம். வருசத்துக்கு ஒருக்காப் பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். மத்த வீட்டுல எல்லாம் ஒரே அளவுதான் வைப்பாவ. எங்கம்மா வருசா வருசம் பாவாடையைக் கொஞ்சம் பெருசாத் தச்சு வைப்பா. பொறவு தாவணி வச்சா. ஒரு வருசம் திறந்து பாத்தா சேலை இருக்கு. யாருக்கும்மா சேலைன்னேன். “வயசாயிட்டுல்லா அவளுக்கு”ன்னா. நான் சிரிச்சுக்கிட்டேன். பெத்தவ மனசு.

அப்பாவுக்குப் பொறவு நான் கையில எடுத்தேன். பேங்குல கடன் வாங்கி செட்டுப் போட்டு, பாறையடியில தொட்டி கட்டி, குழாய் எறக்கி, மொதல்ல கேன், பொறவு பாட்டில். பேரு என்ன வைக்கன்னு அம்மாட்டத்தான் கேட்டேன். “ஆவுடைன்னே வையி, அவ பேரைச் சொல்லி நாலு பேரு தண்ணி குடிக்கட்டும்”னா. மனப்பூர்வமாச் சொன்னா. இதை நீங்க ஞாபகம் வச்சுக்கிடணும். நான் ஒண்ணும் அம்மாவைக் கேக்காமச் செய்யல.

படம் மட்டும் கேக்கல. திடீர்னு காட்டிச் சந்தோசப்படுத்தணும்னு நெனைச்சேன்.

ஆவுடைக்கு இருந்தது ஒரே படம். குத்தாலத்துல சீசனப்ப, அருவி வரைஞ்ச திரைக்கு முன்னாடி நிக்க வச்சு எடுத்தது. பக்கத்துல அம்மா, அவ தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கா. லேபிள் டிசைன் பண்ண பையன் அம்மாவை வெட்டிட்டான். ஆனா தோள்ல இருந்த விரலை எடுக்க அவனுக்கு வரல. நாலு விரல் அப்படியே நின்னுபோச்சு. உத்துப் பாத்தா பழைய லேபிள்ல தெரியும். யாரு உத்துப் பாக்கப் போறா.

தெறப்பு விழா அன்னைக்குப் பாட்டில் எல்லாம் பெல்ட்டுல வரிசையா வருது. ஒவ்வொண்ணுலயும் ஆவுடை சிரிச்சுக்கிட்டு வாரா. அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து காட்டினேன். எல்லாரும் அழுதாவ. அத்தை அழுதாவ, பேங்கு மேனேஜரே கண்ணைத் துடைச்சாரு. அம்மா அழல. ஒரு பாட்டிலை எடுத்து மூஞ்சியைத் தடவிப் பாத்தா. அடுத்ததை எடுத்தா, அதையும் தடவினா. பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்கு, இவளும் எடுத்துக்கிட்டே இருக்கா. பொறவு எங்கிட்டத் திரும்பி, “எய்யா, குடிச்சு முடிச்சதும் இதை என்ன செய்வாவ?”ன்னா.

“தூரப் போட்டிருவாவம்மா, வேற என்ன செய்வாவ”ன்னேன்.

சரின்னு தலையை ஆட்டினா. அன்னைக்கு அவ சாப்பிடல. சந்தோசத்துல பசிக்கலன்னு நெனைச்சேன்.

அதுக்குப் பொறவு ஒரு கல்யாணம். எங்க மாமா பேத்தி கல்யாணம். எலைக்கு ஒரு பாட்டில், நம்ம தண்ணிதான், நான் என் செய்முறையாக் குடுத்தது. பந்தி முடிஞ்சு பாத்தா அம்மாவைக் காணல. கொல்லையில எச்சிலை கொட்டுற எடத்துல சத்தமா இருக்குன்னு போனேன். பட்டுச் சேலையோட முட்டி போட்டு உக்காந்திருக்கா. ரசமும் பாயாசமும் முழங்கை வரைக்கும். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் நாய், நடுவுல இவ. பாட்டிலை ஒவ்வொண்ணா எடுத்து முந்தானையில துடைச்சு மடியில அடுக்குதா.

“எம்மா, என்ன காரியம் செய்த? எந்திரி”ன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் நின்னு பாக்காவ.

“சோத்துக்குள்ள கெடக்கா எய்யா. மாடு மிதிக்கு”ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. எப்பேர்ப்பட்ட சபை.

அன்னையில இருந்து பிடிச்சுக்கிட்டா. விடிஞ்சா ஒரு சாக்கை மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கெளம்பிருவா. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், சினிமாக் கொட்டகை. சீசன்ல குத்தாலத்துக்கே போயிருவா. அங்க ரோட்டுல, ஓடையில, பாறை இடுக்குல, கார் சக்கரத்துக்கு அடியில எல்லாம் நம்ம பாட்டில்தான் கெடக்கும். நல்ல ஓட்டம் இருந்துச்சு அப்ப. ஒருக்கா லாரி வாரது தெரியாம ரோட்டுக்குள்ள எறங்கிட்டா. டிரைவரு கீழ குதிச்சு, சாகவா வந்தன்னு சத்தம் போட்டிருக்காரு. இவ நசுங்கின பாட்டிலை அவருட்டக் காட்டி, “மூஞ்சியைப் பாருமய்யா, மூஞ்சியைப் பாரும்”னாளாம். ஊருல என்ன பேசுவாவ? தண்ணிக் கம்பெனி வச்சிருக்கான், பெத்தவளைக் குப்பை பொறுக்க விட்டிருக்கான்னு பேசினாவ. எனக்குத்தானே கெட்ட பேரு?

கொண்டு வந்ததைச் சும்மா போடவும் மாட்டா. சுனைக்குப் போற ஓடையில உக்காந்து ஒவ்வொண்ணாக் கழுவுவா. ஊற வச்சு லேபிளைக் கிழியாம உரிப்பா. உரிச்சதைத் துணிக்கொடியில கிளிப்புப் போட்டுக் காய வைப்பா. எம் பொஞ்சாதி கல்யாணி கொல்லைப் பக்கம் போறதையே விட்டுட்டா. காத்தடிச்சா கொடி முழுக்க மொகம், எல்லாம் ஒண்ணாத் திரும்பும்ங்கா. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் அந்தப் பக்கம் போகவேண்டிய சோலி வரல, அவ்வளவுதான்.

காஞ்சதை எல்லாம் அடுக்கிக் கட்டி, இலுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோயி, குழி தோண்டிப் பொதைப்பா. பால் ஊத்துவா. பொறவு குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவா. தெனமும் எழவு வீடு மாதிரி ஈரத்தலையோட நிப்பா.

ஒரு நாள் நான் சத்தம் போட்டுட்டேன். “ஏம்மா, அவ நமக்குத் தெய்வம். அவனவன் முருகன் படம் போட்டு ஊதுபத்தி விக்கான், லச்சுமி படம் போட்டுப் பட்டாசு விக்கான். கன்னி படத்தை நான் போட்டா மட்டும் தப்பா?”ன்னேன்.

“தெய்வம்னு நீதான சொல்லுத? எனக்கு அவ பிள்ளை. ஒருக்காப் பொதைச்ச பிள்ளையை இன்னும் எத்தனை தடவைடா பொதைக்க விடுவ?”ன்னா.

வயசானவங்க பேச்சு.

அந்த ஐப்பசியில நல்ல மழை. தொட்டியில அடைப்புன்னு ஆளுங்க கூப்பிட்டாவ. மூடியைத் தெறந்து குனிஞ்சேன். தண்ணி அசையாமக் கெடக்கு. அதுல ஆவுடை, மல்லாக்க. மேல மண்ணு கரைஞ்சு லேபிள் எல்லாம் ஓடையில எறங்கியிருக்கு, அதுல ஒண்ணு எப்படியோ உள்ள வந்திருக்கு. பிளாஸ்டிக்குத்தானே, கையால எடுத்துத் தூரப் போட்டேன். எடுக்கும்போது மழைக் குளிர்ல விரல் வெறைச்சுக்கிடுச்சு. அதுக்குப் பொறவுதான்னு நெனைக்கேன், இந்தத் தொண்டைத் தொந்தரவு.

அப்பப் பாத்து அதிகாரி ஒருத்தரு சோதனைக்கு வந்துட்டாரு. நல்ல மனுசன். தண்ணியைச் சோதிச்சாரு, மெசினைப் பாத்தாரு, எல்லாம் திருப்தி. ஊத்துக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும்னாரு. இலுப்பை மரத்தடியில மண்ணு புதுசா இருக்கவும் கூட வந்தவரை மம்பட்டியால ஒரு வெட்டு வெட்டச் சொன்னாரு. மொகமா வந்துச்சு. இன்னொரு வெட்டு. மொகமா வந்துச்சு. அந்த ஆளு மம்பட்டியைக் கீழ போட்டுட்டுத் தள்ளி நின்னுக்கிட்டாரு. “என்னய்யா இது?”ன்னு அதிகாரி எங்கிட்டக் கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? எங்க அம்மாவுக்கு மனசு சரியில்லன்னேன். ஊத்துக்கு மேல இவ்வளவு பிளாஸ்டிக்கு கெடந்தா லைசென்சு குடுக்க முடியாது, ஒண்ணு விடாம அள்ளிருன்னுட்டாரு.

டிராக்டரு வச்சு அள்ளினோம். அம்மா தடுக்கல. ஒரு பக்கமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஆவுடை எலும்பு இருக்கிற எடம் மட்டும் விட்டிருங்கன்னு சொன்னா, விட்டோம். டிராக்டரு கெளம்பும்போது, “எங்க கொண்டுபோறிய?”ன்னு கேட்டா. நல்ல எடத்துக்கும்மான்னேன். குப்பைக் கெடங்குக்குன்னு எப்படிச் சொல்ல?

அன்னைக்கே முடிவு பண்ணினேன். பெத்தவ மனசை நோகடிச்சு ஒரு தொழில் வேண்டாம். லேபிளை மாத்திட்டேன். படத்தை எடுத்துட்டு மலையும் அருவியும் போட்டேன். எவ்வளவு பெரிய நட்டம் தெரியுமா? கடைக்காரங்க பாப்பா தண்ணி எங்கன்னு கேக்காவ. இது வேற கம்பெனி போலருக்குன்னு சனங்க தொட மாட்டேங்கு. அம்மாவுக்காகத்தான் எல்லாம்.

புது பாட்டிலை அவ கையில குடுத்தேன். இப்பவாவது நிம்மதியா இருப்பான்னு நெனைச்சேன். இந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா, அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா. மூடியைத் தெறந்து உள்ள கூடப் பாத்தா.

“எங்க அவ?”

“எடுத்தாச்சும்மா. இனி எங்கயும் ரோட்டுல கெடக்க மாட்டா.”

“கெடக்க மாட்டான்னா எங்க போனா?”

“அம்மா, படத்தை எடுத்துட்டேம்மா. நீதான வருத்தப்பட்ட?”

“இவ்வளவு நாளா எங்க கெடக்கான்னாவது தெரிஞ்சுது. போனா கூட்டிட்டு வந்தேன். இப்ப எங்கன்னு போய்த் தேட?”

சொல்லுங்க அண்ணாச்சி. போட்டாலும் அழுதா, எடுத்தாலும் அழுதா. நான் என்னதான் செய்யணும்? நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

அதுக்குப் பொறவுதான் இந்தப் பஸ் பயணம். பழைய பாட்டில் எங்கயாவது மிச்சம் இருக்கும்லா, பாலத்துக்கு அடியில, முள்ளுக்காட்டுல. அதைத் தேடிப் போறா. ஜன்னல் ஓரமா உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே போவா. எங்கயாவது மினுங்குச்சுன்னா வண்டியை நிப்பாட்டச் சொல்லி எறங்கிருவா. கண்டக்டருங்க எல்லாம் இப்பப் பழகிட்டாவ. சேலை முந்தானையில எம் போன் நம்பரைத் தச்சு விட்டிருக்கா கல்யாணி. மொதல்ல எல்லாம் சாக்கு நெறையக் கொண்டு வருவா. பொறவு நாலஞ்சு. இப்ப ஒண்ணு கெடைச்சாலே பெருசு. வெயில்ல படம் வெளுத்துப்போகுதுலா. போன வாரம் ஒண்ணு கொண்டு வந்தா, மொகமே இல்ல, வெறும் வெள்ளை. தோள் இருந்த எடத்துல நாலு கோடு மட்டும் தெரிஞ்சுது. அதை மடியில வச்சுக்கிட்டு, “வந்துட்டாரு, மில்லுக்கிட்ட வந்துட்டாரு”ன்னு பேசிக்கிட்டிருந்தா. கல்யாணி அதைக் கேட்டுட்டு அடுப்பங்கரையில போய் ஏங்கி ஏங்கி அழுதா. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை.

...ஒரு நிமிசம், போன் அடிக்கு.

ஆமா, நான்தான் பேசுதேன். ஆமா, எங்க அம்மாதான். எங்க? ஆலங்குளம் மார்க்கெட்டுக்குப் பின்னாலயா? விழுந்துட்டாளா? ...சரி, சரி. உக்காத்தி வையுங்க, இந்தா வந்துட்டேன். டீ ஏதாவது வாங்கிக் குடுங்க. கையில உள்ள சாக்கை மட்டும் வாங்கப் பாக்காதிய, தர மாட்டா. ரொம்ப உபகாரம்.

கெடைச்சிட்டா அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்காளாம். கால்ல கண்ணாடி குத்தியிருக்கு, அவ்வளவுதான். அப்பாடா. இந்தா வந்துருச்சு ஆலங்குளம், நான் எறங்கணும்.

நீங்க பொறுமையாக் கேட்டிய, அதனால சொல்லுதேன். இதுக்கெல்லாம் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். வியாபாரமும் நிமிரும், அம்மா மனசும் ஆறும். எனக்கு ஒரு மக இருக்கா, சம்யுக்தா. அச்சு அசல் ஆவுடையேதான். அம்மாவுக்கு அந்தப் பேரு வாயில நுழையல, ஆவுடைன்னுதான் கூப்பிடுதா. பாட்டில்ல அவ படத்தைப் போடப்போறேன். பாப்பா தண்ணி திரும்ப வந்த மாதிரியும் ஆச்சு, அம்மாவுக்குப் பிள்ளை திரும்பக் கெடைச்ச மாதிரியும் ஆச்சு. இந்தா, போன்லயே இருக்கு, பாருங்க. ரெட்டைச் சடை, பட்டுப் பாவாடை, எல்லாம் அதே மாதிரி. லேபிளை அடிக்கக் குடுத்தாச்சு. அம்மாட்ட இன்னும் சொல்லல, திடீர்னு காட்டிச் சந்தோசப்படுத்தணும். கல்யாணி மட்டும் அன்னையில இருந்து எங்கிட்டப் பேச மாட்டேங்கா. சரியாயிரும்.

ஆமா, மொகத்துல சிரிப்பு இல்லதான். நீங்களும் கண்டுபிடிச்சிட்டியளே. எவ்வளவோ சொன்னோம், சிரிக்கவே மாட்டேன்னுட்டா. ஏட்டி, பாட்டில்ல வரப்போற, ஊரே உன்னப் பாக்கும், கொஞ்சம் சிரிட்டின்னேன். எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்துட்டு, “அப்பா, நான் இன்னும் சாகலையேப்பா”ங்கா.

பிள்ளைங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி? கொஞ்சம் வழி விடுங்க, எறங்கிக்கிடுதேன்.